தவறாமல் வெளியேறவும்

பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். ஐப்பசி மாத அடைமழை நேரம். தஞ்சாவூரில் ஒரு நூலகத்தின் கம்ப்யூட்டர் அறையில் நடந்தது இது. நூலகம் என்றதும் என்னைப் பெரிய படிப்பாளி என்று நினைத்துவிடாதீர்கள். ப்ளஸ் டூ வரைக்கும் தட்டுத்தடுமாறிப் படித்தவள். அந்த நூலகத்தில் ஒரு புத்தகத்தைக்கூட நான் எடுத்துப் பிரித்தது கிடையாது. கப்பலில் இருந்த என் கணவருக்கு மெயில் அனுப்பத்தான் அங்கே போவேன்.

எங்களுடையது திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். கணவருக்குச் சரக்குக் கப்பலில் சமையல் வேலை. ஒரு தடவை போனால் மாதக்கணக்கில் திரும்ப மாட்டார். கல்யாணமாகி ஏழெட்டு வருடமாகியும் எங்களுக்குக் குழந்தை இல்லை. அத்தையும் மாமாவும் கணவரின் அண்ணன் வீட்டோடு தெருவுக்குள் இருந்தார்கள். நாங்கள் புதிதாகக் கட்டிய வீடு ஊர்க்கோடியில், வயலை ஒட்டி. சுவர் எழுப்பித் தளம் போட்டதோடு சரி, பூச்சு வேலைகூட முடியவில்லை. அந்த வீட்டில் நான் ஒருத்தி, கொட்டகையில் ஒரு பசுமாடு. பேச்சுக்குரல் கேட்க வேண்டுமே என்று நாள் பூராவும் டிவியை ஓடவிட்டிருப்பேன். என்ன ஓடுகிறது என்று கேட்டால் தெரியாது.

கப்பல் கரையைத் தொட்டால் போன் செய்வார். என்னிடம் இருந்தது பட்டன் போன். "பயிர் எப்படி இருக்கு? தண்ணி வருதா?" என்பார். "வருதுங்க. நல்லாருக்கு" என்பேன். கட் ஆகிவிடும். நடுக்கடலில் அதுவும் இல்லை. சிக்னல் கிடைத்தால் வாரத்தில் ஒரு நாள் அங்கே கம்ப்யூட்டரில் மெயில் பார்க்க விடுவார்களாம். அதனால் கிளம்புவதற்கு முன்பு தஞ்சாவூருக்குக் கூட்டிப்போய் ஒரு பிரவுசிங் சென்டரில் எனக்கென்று ஒரு மெயில் கணக்கு ஆரம்பித்து, உள்ளே போவது எப்படி, எழுதுவது எப்படி, அனுப்புவது எப்படி என்று காட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். மூடுவது எப்படி என்று காட்டினாரா, நான்தான் மறந்தேனா தெரியாது. அந்த சென்டரும் கொஞ்ச நாளில் இழுத்துப் பூட்டப்பட்டது. யாரோ சொல்லித்தான் இந்த நூலகத்துக்குப் போக ஆரம்பித்தேன்.

வாரம் ஒரு நாள் பஸ் ஏறுவேன். வேலையே இல்லாவிட்டாலும் அந்த நாளை விட மாட்டேன். வேறு சில நாட்களில் நான் மனிதர்களோடு பேசிய மொத்தப் பேச்சே பால்காரரிடம் "எவ்வளவுங்க வந்துச்சு" என்று கேட்டதாக இருக்கும். தஞ்சாவூர் போகும் நாளில் கண்டக்டரிடம் "தஞ்சாவூர் ஒண்ணு" என்று சேர்த்துச் சொல்வேன். சிரிக்காதீர்கள், அப்போது எனக்கு அதுவே பெரிய விஷயமாக இருந்தது.

கம்ப்யூட்டர் அறையில் நுழைந்ததும் எதிர்ச்சுவரில் விதிமுறைகள் ஒட்டியிருக்கும். எனக்கு அந்த மாதிரி எழுதிப் போட்டிருந்தால் ஒரு எழுத்து விடாமல் படித்து, அதன்படி நடந்துவிட வேண்டும். சின்ன வயதிலிருந்தே அப்படி. பஸ்ஸில் கையை வெளியே நீட்டாதீர் என்று போட்டிருந்தால் ஊருக்கு டாட்டாகூடக் காட்ட மாட்டேன். அங்கே என்னென்ன இருந்தது என்றால், செருப்பை வெளியே விட வேண்டும், பெயரெழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், ஒரு கணினிக்கு ஒருவர்தான் உட்கார வேண்டும், ஆள் காத்திருந்தால் அரைமணி நேரம்தான், படம் பார்க்கக் கூடாது, விளையாடக் கூடாது, சத்தமாகப் பேசக் கூடாது, அடுத்தவர் கணக்கைத் திறக்கவோ படிக்கவோ கூடாது, மீறினால் அனுமதி ரத்து. எல்லாவற்றுக்கும் கடைசியாக, கொட்டை எழுத்தில், 'பயன்படுத்தி முடித்ததும் தவறாமல் வெளியேறவும்.'

அந்தக் கடைசி வரி எனக்கு முதல் நாளே சுருக்கென்று பட்டது. வந்தவர்களை இப்படியா விரட்டுவது? கொஞ்சம் பதவிசாக எழுதியிருக்கலாமே என்று நினைத்துக்கொள்வேன். ஆனாலும் விதி விதிதான். என் வேலை முடிந்ததோ இல்லையோ நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டு, ஒரு நிமிஷம்கூட நிற்காமல் அறையை விட்டு வெளியேறிவிடுவேன். அடுத்த வாரம் வந்து உட்கார்ந்தால் திரையில் பாஸ்வேர்டு கேட்கும். ஆள் எழுந்து போனால் அது தானாகவே மூடிக்கொள்ளும் என்று நினைத்திருந்தேன்.

இன்னொரு பழக்கமும் எனக்கு இருந்தது. இதை யாரிடமும் சொன்னதில்லை. ஒவ்வொரு வாரமும் நான் இரண்டு மெயில் எழுதுவேன். முதலில் ஒன்று, மனதில் இருப்பதையெல்லாம் கொட்டி. ஆங்கில எழுத்தில் தமிழ்தான், ஒரு விரலால் தட்டித் தட்டி. இந்த வாரம் யாருமே வீட்டுக்கு வரவில்லை, மத்தியானம் வாசலில் உட்கார்ந்து அழுதேன், உங்கள் சட்டையைத் துவைக்காமல் வைத்திருக்கிறேன், இப்படி. எழுதி முடித்து ஒரு தடவை படித்துப் பார்ப்பேன். பிறகு கீபோர்டு ஓரத்துப் பட்டனை அமுக்கி அத்தனையையும் அழித்துவிடுவேன். அழித்த இடத்தில் இரண்டாவதை எழுதுவேன். "என்னங்க, நான் நல்லாருக்கேன். நாத்து நல்லா வந்திருக்கு. மாடு நல்லாருக்கு. நீங்க ஒடம்பப் பாத்துக்கங்க." அதைத்தான் அனுப்புவேன். அவரிடமிருந்து வருவதும் அதே மாதிரிதான் இருக்கும். "நான் நல்லாருக்கேன். மழ பேஞ்சுதா? உரம் போட்டாச்சா?"

அந்த ஐப்பசியில் அவருடைய ஒப்பந்தம் முடிகிற சமயம். ஒரு மெயில் வந்தது. "இன்னொரு தடவ நீட்டிக்கறியான்னு கேக்கறாங்க. அடுத்த துறைமுகம் போறதுக்குள்ள பதில் சொல்லணும். சரின்னு கையெழுத்துப் போட்டா ஊருக்கு வராம இப்படியே தொடர்ந்து போகணும். வீட்டு வேலய முடிச்சு மாடியும் கட்டிடலாம். நீ என்ன சொல்ற?"

அத்தையிடம் சொன்னேன். "இருந்துட்டே வரட்டும்மா. இப்ப விட்டா இந்த வேல மறுபடி கெடைக்குமா? சின்ன வயசு, சம்பாதிக்கற வயசு" என்றார். கணவரின் அண்ணனும் அதையே சொன்னார். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. ஏற்கெனவே இத்தனை மாதம் ஓடிவிட்டது, இன்னும் கொஞ்ச காலம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இருந்துட்டு வாங்க என்று எழுதிவிடுவதாக முடிவு செய்துகொண்டுதான் பஸ் ஏறினேன்.

அதற்கு முந்தின நாள்வரை எனக்குக் காய்ச்சல். எழுந்து தண்ணீர் மொண்டு குடிக்கக்கூடத் தெம்பில்லை. மாடு பாட்டுக்குக் கத்திக்கொண்டிருந்தது. வெளியே மழை. அந்த அசதியோடு வந்து உட்கார்ந்தவள், வழக்கம்போல முதல் மெயிலை ஆரம்பித்தேன். அன்றைக்கு அது நிற்கவே இல்லை.

"என்னங்க, ரெண்டு நாளாக் காய்ச்சல். யார்கிட்டயும் சொல்லல. சொன்னா வருவாங்க, பாத்துட்டுப் போயிடுவாங்க. அவங்க போனப்பறம் வீடு இன்னும் பெரிசாத் தெரியும். இதுல மாடி வேற எதுக்குங்க? இருக்கற ரூம்லயே ஆள் இல்ல. எனக்கு வீட்ல ஒரு சத்தம் வேணும். நீங்க குளிக்கறப்ப பக்கெட்ட உருட்டுவீங்களே, அது போதும். நான் நல்லாருக்கேன்னு எழுதறதெல்லாம் பொய். கையெழுத்துப் போடாதீங்க. சீக்கிரம் வந்துடுங்க."

அந்த இடத்துக்கு வந்தபோது அறைப் பொறுப்பாளர் குரல் கொடுத்தார். "அம்மா, ஒங்க நேரம் முடிஞ்சு பத்து நிமிஷமாச்சு. ஆள் நிக்கறாங்க பாருங்க." திரும்பினால் ஒரு பெண் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். பரீட்சைப் புத்தகங்களை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். அவளை அடிக்கடி அங்கே பார்த்திருக்கிறேன். என் நேரத்துக்கு அடுத்த நேரம் பெரும்பாலும் அவளுடையதாகத்தான் இருக்கும். ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை.

நேரம் தாண்டிவிட்டது என்றதும் எனக்குப் பதறிவிட்டது. அழிக்கவும் தோன்றவில்லை, இரண்டாவது மெயிலை எழுதவும் வழியில்லை. எழுந்து போனால்தான் எல்லாம் தானாக மறைந்துவிடுமே என்று நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியேறிவிட்டேன். நாளைக்கு வந்து 'இருந்துட்டு வாங்க' என்று எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறுநாள் மழை விடவில்லை. அதற்கடுத்த நாள் வயலில் தேங்கிய தண்ணீரை வடிக்க வேண்டியிருந்தது. நான் திரும்பத் தஞ்சாவூர் போனபோது வாரம் திரும்பிவிட்டது.

படியில் செருப்பை விடும்போதே அந்தப் பெண் என்னைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தாள். உள்ளே வாசலோரமாக நின்றுகொண்டு தணிந்த குரலில் பேசினாள்.

"அக்கா, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே? நீங்க ஒவ்வொரு தடவயும் வெளியேறாமலே போயிடறீங்க."

எனக்குக் கோபம் வந்தது. "என்னம்மா சொல்ற? நேரம் முடிஞ்சா ஒரு நொடி நிக்கறனா நான்? ஒடனே எழுந்து வெளியே போயிடறேன்ல?"

அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். "ரூமை விட்டு இல்லக்கா. மெயில விட்டு வெளியேறணும். மேல ஓரத்துல ஒரு பட்டன் இருக்கும். அத அமுக்கலன்னா ஒங்க மெயில் அப்படியே தொறந்தே கிடக்கும். அடுத்து ஒக்கார்றவங்க யாரு வேணா பாக்கலாம். நான்தான் ஒவ்வொரு வாரமும் வந்து ஒக்காந்ததும் மொதல்ல ஒங்களுத மூடி விடுவேன்."

அந்தச் சுவரொட்டியைத் திரும்பிப் பார்த்தேன். தவறாமல் வெளியேறவும். இத்தனை நாளாக எவ்வளவு ஒழுங்காக வெளியேறியிருக்கிறேன் நான்! வெட்கத்தில் காது சூடாகிவிட்டது. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அவள் இன்னும் போகவில்லை.

"போன வாரம் நீங்க எழுதிட்டு அனுப்பாமலே போயிட்டீங்கக்கா. மழயில நெட்டு வேற விட்டு விட்டு வந்துச்சு. சேமிக்க முடியலன்னு காட்டுச்சு. நான் மூடினா மொத்தமும் போயிடும் போல இருந்துச்சு. வாசல் வரைக்கும் ஓடி வந்து பாத்தேன், நீங்க இல்ல. அதான், நெட்டு வந்த நேரம் பாத்து நானே அனுப்பிட்டேன்."

எதை? அந்த முதல் மெயிலையா?

"யாரக் கேட்டும்மா அனுப்பின?" என்று கத்திவிட்டேன். அறையில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள்.

"முழுசாப் படிக்கலக்கா. சத்தியமா. கடைசி வரி மட்டும் கண்ணுல பட்டுச்சு. சீக்கிரம் வந்துடுங்கன்னு இருந்துச்சு. அத எப்படிக்கா அழிக்கறது?"

பொறுப்பாளர் எழுந்து வந்துவிட்டார். "என்னம்மா பிரச்சின? இந்தப் பொண்ணு ஒங்க கணக்கத் தொட்டாங்களா?" அவர் குரலில் கண்டிப்பு இருந்தது. அடுத்தவர் கணக்கைத் திறந்தால் அனுமதி ரத்து. அவள் புத்தகங்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். வேலைக்கான விண்ணப்பங்களையெல்லாம் அவள் அங்கே உட்கார்ந்துதான் போடுவாள் என்பது எனக்குத் தெரியும்.

எப்படி வந்தது என்று தெரியவில்லை. "இல்ல சார். நான்தான் அனுப்பச் சொல்லியிருந்தேன். அனுப்பிட்டியான்னு கேட்டேன். கொஞ்சம் சத்தமா வந்துடுச்சு" என்றேன்.

"மெதுவாப் பேசுங்கம்மா. படிக்கறாங்கல்ல" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

நான் போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். பாஸ்வேர்டைத் தப்புத் தப்பாகப் போட்டேன். கணவரிடமிருந்து பதில் வந்திருக்கவில்லை. அப்படியானால் இன்னும் பார்க்கவில்லை, சரிசெய்துவிடலாம் என்று ஒரு நிம்மதி. மளமளவென்று எழுதினேன். "என்னங்க, முன்னாடி அனுப்பினத நெனச்சுக் கவலப்படாதீங்க. காய்ச்சல்ல ஏதோ எழுதிட்டேன். நீங்க கையெழுத்துப் போட்டுட்டு இருந்துட்டே வாங்க. நான் நல்லாருக்கேன். பயிர் நல்லாருக்கு."

ஒரு விரலால் தட்டுகிற எனக்கு, பொய்யை எழுதும்போது மட்டும் எவ்வளவு வேகம்! அனுப்பும் பட்டன் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்துவிட்டேன். அமுக்க வேண்டியதுதான் பாக்கி. விரல் இறங்கவில்லை. பெயர்கூடத் தெரியாத ஒருத்திக்கு அந்த ஒரு வரியை அழிக்க மனம் வரவில்லை. நானோ வாரா வாரம் அதை அழித்துக்கொண்டிருந்தேன். என்மேலேயே எனக்கு அவ்வளவு பாவமாக இருந்தது. திரைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு, முந்தானையால் துடைத்துக்கொண்டேன்.

'இருந்துட்டே வாங்க' என்பதை அழித்தேன். பிறகு 'நான் நல்லாருக்கேன்' என்பதை. பிறகு மொத்தத்தையும். அந்தப் பெண் சொன்ன மேலோரத்துப் பட்டனைத் தேடிக் கண்டுபிடித்து அமுக்கினேன். யாரும் நேரமாகிவிட்டது என்று சொல்லாமல், நானாக எழுந்தேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் இருந்த மாதிரி ஒரு தனிமையை நான் அனுபவித்ததில்லை. அதுவரைக்கும் நன்றாக இருப்பதாக நடிக்கவாவது ஒரு ஆள் இருந்தார். இப்போது அதுவும் போய்விட்டது. "எழுதிட்டியாம்மா?" என்று அத்தை கேட்டார். "எழுதிட்டேன் அத்த" என்றேன். என்ன எழுதினேன் என்று அவர் கேட்கவில்லை. வேலையைக் கெடுத்துக்கொண்டு கணவர் வந்து நின்றால் இந்த முகங்களையெல்லாம் எப்படிப் பார்ப்பது என்று ஒரு பயம். என் மெயிலைப் படித்துவிட்டும் அவர் கையெழுத்துப் போட்டுவிட்டால் என்ன செய்வது என்று அதைவிடப் பெரிய பயம். அடுத்த வாரம் போனேன், பதில் இல்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. கப்பல் எங்கேயோ இருந்தது. நடவுப் பயிர் பச்சை பிடித்துக்கொண்டு வந்தது. அதைப் பார்க்கக்கூட எனக்குப் பிடிக்கவில்லை.

கார்த்திகை பிறந்த பிறகு ஒரு நாள் பதில் வந்திருந்தது. அதில் பயிரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"நீ நல்லாருக்கேன்னு எழுதறத நம்பித்தான் நானும் நல்லாருக்கேன்னு எழுதிக்கிட்டிருந்தேன். இங்கயும் அப்படி ஒண்ணும் நல்லா இல்ல. ஒன் மெயில ரெண்டு தடவ படிச்சேன். அப்பறம் கப்பலோட மேல் தளத்துக்குப் போய்க் கொஞ்ச நேரம் தனியா நின்னேன். கையெழுத்துப் போடல. இந்தக் கப்பல்ல ஆள் மாத்தறப்ப எறங்கிடுவேன். அதுவரைக்கும் நெஜத்த மட்டும் எழுது."

அந்த மேலோரத்துப் பட்டனை அமுக்கினேன். எழுந்தபோது அந்தப் பெண் பக்கத்துக் கம்ப்யூட்டரில் இருந்தாள். அன்றைக்குக் கத்தியதற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை. பக்கத்தில் போய்க் குனிந்து, "வர்றாரும்மா" என்றேன். யார் என்று அவள் கேட்கவில்லை. கண்ணை அகல விரித்து என்னைப் பார்த்துவிட்டு, என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள். பொறுப்பாளர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்ததால் விட்டுவிட்டு வந்தேன். அவள் திருப்பனந்தாள் பக்கத்துப் பெண், பரீட்சைக்காக இங்கே ஹாஸ்டலில் தனியாக இருக்கிறாள் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. கொஞ்ச நாளில் அவள் வருவது நின்றுவிட்டது. வேலை கிடைத்திருக்கும் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன்.

பொங்கலுக்கு முன்னால் அவர் வந்து சேர்ந்தார். வீடு நிறைய ஆட்கள். ஏன் வந்துவிட்டாய் என்று அண்ணன் கேட்டதற்கு, "போதும்னு தோணிச்சு" என்றார். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. எல்லோரும் போனபிறகு வாசல் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினேன். பயிரைப் பற்றித்தான் முதலில் கேட்பார் என்று நினைத்திருந்தேன்.

"காய்ச்சல் மறுபடி வந்துச்சா?" என்றார்.

அவர் தோளில் சாய்ந்து அத்தனை நாள் அழுகையையும் அழுது தீர்த்தேன்.

அவர் அதற்குப் பிறகு கப்பலுக்குப் போகவில்லை. திருக்காட்டுப்பள்ளியில் ஒரு சின்ன ஓட்டல் வைத்திருக்கிறார். வீட்டுக்கு மாடி இன்றுவரை கட்டவில்லை. ஒரு ஆள் செய்த உதவியை மறக்க முடியாது என்று எல்லோரும் சொல்வதுதான், நானும் சொல்கிறேன். ஆனால் இதை நினைக்கும்போதெல்லாம் நன்றியோடு ஒரு நடுக்கமும் சேர்ந்தே வருகிறது. ஏனென்றால் அன்றைக்கு எனக்கு இன்னும் இரண்டு நிமிஷம் கிடைத்திருந்தால், அவருக்குப் போய்ச் சேர்ந்த முதல் உண்மையான கடிதத்தை என் கையாலேயே அழித்திருப்பேன்.